ராவன்ஸ்புரூக்கில் ஒரு சாரணியர் அணி

போலந்தில் சாரணர் இயக்கம் ஒரு தண்டனையில் தொடங்கியது என்று சொல்வார்கள். லுவூஃப் நகரத்தில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரத்தில், நாட்டு விடுதலைக்காக ரகசியமாகப் பயிற்சி எடுத்துவந்த இளைஞர் குழு ஒன்று இருந்தது. அதில் ஆந்த்ஜெய் மாவ்கோவ்ஸ்கி என்ற மாணவர் ஒருநாள் தாமதமாக வந்து நின்றார். இங்கிலாந்தில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் நூலைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுவா, அதுதான் உனக்குத் தண்டனை என்றார்கள். வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவர் நாலு பக்கம் போனதும் அந்த விஷயத்திலேயே விழுந்துவிட்டார்.

அப்போது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்திலேயே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கூறுபோட்டு எடுத்துக்கொண்டிருந்தன. லுவூஃப் ஆஸ்திரியாவின் பங்கு. அங்கே கெடுபிடி கொஞ்சம் குறைவு என்பதால் இந்த மாதிரிக் குழுக்கள் மூச்சுவிட முடிந்தது.

ஆந்த்ஜெயைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவரைவிட அவர் அருகில் நின்ற ஓல்கா திராஹோனோவ்ஸ்காதான் சுவாரசியமானவர். 1888-இல் பிறந்தவர், இசை படித்தவர், உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். 1911 மே 22-ஆம் தேதி லுவூஃபில் சாரணர் இயக்கத்தின் முதல் ஆணை வெளியானது. ஆண்களுக்கு மூன்று அணிகள், பெண்களுக்கு ஓர் அணி. அந்தப் பெண்கள் அணிக்கு ஓல்கா தலைவி. 1913-இல் ஆந்த்ஜெயைத் திருமணம் செய்துகொண்டு ஓல்கா மாவ்கோவ்ஸ்கா ஆனார்.

இங்கிலாந்தில் கதை வேறு. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பையன்கள் கூடிய பேரணிக்குச் சில பெண்கள் அழைப்பில்லாமலே வந்து நின்றார்கள். இவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் பேடன் பவல் தன் தங்கை ஆக்னஸிடம் ஒப்படைத்து, பெயரும் திட்டமும் வேறாக ஒரு தனி இயக்கமாக்கினார். போலந்தில் முதல் ஆணையிலேயே பெண்கள் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே சிலுவைச் சின்னம், ஒரே வணக்கச் சொல், ஒரே பத்து விதிகள். பத்தாவது விதி புகையும் மதுவும் கூடாது என்கிறது. அந்த வயதுப் பையன்களுக்கு அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான விதியாக இருந்திருக்கும்!

முதல் உலகப்போர் வந்தபோது ஓல்கா மலையூரான சக்கோபனேயில் இருந்தார். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, ஊர் நடக்கத் தேவையான வேலைகளைச் சாரணியர் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரிய அதிகாரிகளின் பார்வை இவர்மேல் விழவே, கணவரோடு நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா போனார். மகன் அங்கே பிறந்தான். 1919 ஜனவரியில் ஆந்த்ஜெய் பயணம் செய்த கப்பல் இத்தாலியின் மெஸ்ஸினா அருகே மூழ்கியது. சின்ன மகனோடு விதவையான ஓல்கா 1921-இல் சுதந்திரப் போலந்துக்குத் திரும்பி, பியெனினி மலைப்பகுதியில் சாரணிய முறையில் ஒரு பள்ளி நடத்தினார். 1939-இல் குண்டுவீச்சுக்கு நடுவே ருமேனியா வழியாகத் தப்பி இங்கிலாந்து சேர்ந்து, டெவன் மாவட்டத்தில் அகதிக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். ஊர் திரும்ப 1961 வரை ஆனது.

ஓல்கா போட்ட விதை எங்கே போய் முளைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நான் படித்த பள்ளியில் சாரணியர் என்றால் ஆகஸ்ட் 15 அணிவகுப்பு, கழுத்தில் ஸ்கார்ஃப், நாலைந்து முடிச்சு வகைகள், கடைசியில் ஒரு சான்றிதழ். ரீஃப் முடிச்சு எனக்கு இன்றும் போடத் தெரியும். எதற்கு என்றுதான் தெரியாது. போலந்துப் பெண்களுக்கு அந்தச் சந்தேகம் வர வாய்ப்பில்லை. 1938-லேயே, போர் வரும் என்று பலரும் வாயால் மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், யூசெஃபினா வாப்பின்ஸ்கா தலைமையில் சாரணியர் ஆயத்தப்படை ஒன்று அமைக்கப்பட்டது. முதலுதவி, தகவல் தொடர்பு, குழந்தைகள் பராமரிப்பு என்று பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். போலந்தைப் பிடித்த ஜெர்மானியர்கள் சாரணர் இயக்கத்தைத் தடைசெய்தபோது பெண்கள் பிரிவு தலைமறைவாகி, குளோவர் இலையின் பெயரில் ஒரு ரகசிய அமைப்பாக இயங்கியது. ஆண்கள் பிரிவுக்குச் ‘சாம்பல் அணிகள்’ என்று பெயர். ஆண்கள் பிரிவைப் பற்றிப் போலந்தில் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பிரிவைக் கேட்டால் யோசிப்பார்கள்.

முதல் தலைமுறையிலேயே சேர்ந்தவர் ஜட்விகா பால்கோவ்ஸ்கா. இயற்பியல் ஆசிரியை, சாரணியர் பிரிவின் தலைவியாகவே இருந்தவர். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியருக்கு எதிராக வார்சா எழுச்சி தொடங்கிய முதல் வாரத்தில், ஒகோட்டா பகுதியில் நடந்த படுகொலைகளின்போது உயிரிழந்தார். இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போகலாம். நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது ராவன்ஸ்புரூக்கில் இருந்தவர்களை.

ராவன்ஸ்புரூக் பெர்லினுக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், ஓர் ஏரிக்கரையில் இருந்த வதைமுகாம். பெண்களுக்கென்றே கட்டியது. 1939 மே மாதம் திறந்ததிலிருந்து மூடும்வரை சுமார் 1,30,000 பேர் அதன் வாசலைக் கடந்து உள்ளே போனார்கள். நாடுவாரியாகப் பார்த்தால் போலந்துப் பெண்களே மிக அதிகம். பெரும்பாலும் அரசியல் கைதிகள்: சிவப்பு முக்கோணம், நடுவில் ‘பி’ எழுத்து. 1941 செப்டம்பரில் லுப்ளினிலிருந்தும் வார்சாவிலிருந்தும் ஒரு பெரிய கூட்டம் ரயிலில் வந்து இறங்கியது. எதிர்ப்பு இயக்கத்தில் செய்தி கொண்டுபோனவர்கள், துண்டுப்பிரசுரம் மறைத்தவர்கள், வீட்டில் யாரையாவது ஒளித்துவைத்தவர்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அவர்களில் சாரணியர் கணிசமாக இருந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் யூசெஃபா கான்டோர் என்ற ஆசிரியை அந்த முகாமுக்குள் ஒரு சாரணியர் அணியைத் தொடங்கினார். சிலேசியாவில் வேலை பார்த்தவர், இயக்கத்தில் மூத்த தலைவி, எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததற்காகக் கைதானவர். 1896-இல் பிறந்தவர் என்பதால் அப்போது வயது நாற்பத்தைந்து. அந்த இடத்தில் அது கிழவி வயது. தேர்ந்தெடுத்துச் சாகடிக்கும்போது முதலில் போகிற வயது.

அணிக்கு ‘சுவர்கள்’ என்று பெயர். உட்பிரிவுகளுக்குச் செங்கல், கல், அஸ்திவாரம், கொத்தனார் கரண்டி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போகப்போக ஏறத்தாழ நூறு பேர் சேர்ந்தார்கள். அணியின் வாசகம்: தாக்குப்பிடி, மற்றவரும் தாக்குப்பிடிக்க உதவு.

இந்த வாசகத்தைக் கேட்டதும் ஏதோ மேடைப் பேச்சு மாதிரித் தோன்றும். முகாமின் ஒருநாள் கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு கறாரான வேலைப் பட்டியல் என்பது புரியும். விடிவதற்கு முன்னே சைரன். வெளியே ஐந்தைந்து பேராக வரிசை. எண்ணிக்கை சரியாக வரும்வரை, பனியோ மழையோ, மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். யாராவது மயங்கி விழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அப்புறம் வேலை: மண் வெட்டுவது, ரோடு உருளை இழுப்பது, முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படைக்குச் சீருடை தைப்பது, பக்கத்திலேயே சீமென்ஸ் போட்டிருந்த தொழிற்கூடத்தில் நுண்ணிய சுருள்கள் சுற்றுவது. சாப்பாடு என்று பார்த்தால் ஒரு துண்டு ரொட்டியும், டர்னிப் மிதக்கும் தண்ணீரும். இதற்குள்தான் சாரணியர் வேலை நடக்க வேண்டும். வரிசையில் நிற்க முடியாதவளை இரண்டு பக்கமும் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்துவது ஒரு வேலை. தன் ரொட்டியில் ஒரு கீற்று வெட்டி, நோயாளிக்கோ தண்டனைக் கொட்டடியிலிருந்து வெளியே வந்தவளுக்கோ சேர்த்துவைப்பது இன்னொரு வேலை. புதிதாக வந்த சின்னப் பெண்ணைத் தனியே விடாமல் யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்வது மூன்றாவது.

பாடமும் நடந்தது. கைதிகளில் ஆசிரியைகளும் பேராசிரியைகளும் இருந்தார்கள். நோட்டு கிடையாது, புத்தகம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற ஓய்வில், மூன்றடுக்குப் படுக்கையில் குந்திக்கொண்டோ முகாம் தெருவில் நடந்துகொண்டோ புவியியலும் இலக்கியமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் படித்த சிலருக்குப் போருக்குப் பிறகு பள்ளி இறுதித் தேர்வில் அந்தப் படிப்பு கணக்கில் சேர்ந்தது. பசியில் மூளை முதலில் விடுவது ஞாபகத்தைத்தான் என்பார்கள். மலைத்தொடர்களின் பெயரை வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருப்பதே அங்கே ஒரு மருந்து மாதிரிதான்.

சாரணியம் வெறும் ராணுவ ஒத்திகை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் பழக்கம் என்று ஒரு விமர்சனம் உண்டு. நானே அப்படி நினைத்ததுண்டு. பாதி இன்னமும் நினைக்கிறேன். ஆனால் சீருடை, கொடி, விசில், சின்னம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்ட பிறகும் அந்த இயக்கத்தில் ஏதோ மிஞ்சியிருந்தது என்பதற்கு இவர்கள் சாட்சி. ஐந்தாறு பேருக்கு ஒரு பொறுப்பாளி, அவளுக்கு மேலே ஒருத்தி, தினமும் ஒரு சின்ன வேலை, செய்தாயா என்று கேட்க ஓர் ஆள். இது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. ஆனால் நாளை இருப்போமா என்று தெரியாத இடத்தில் ஒருத்தி ‘இன்றைக்கு உன் வேலை முடிந்ததா’ என்று கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்!

1942-இல் இன்னொன்று தொடங்கியது. அந்த ஆண்டு ஜூனில் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹைட்ரிஷ், செக் நகரமான பிராகாவில் நடந்த தாக்குதலில் பட்ட காயம் சீழ்பிடித்துச் செத்தார். எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் மருத்துவரான கார்ல் கெப்ஹார்ட், கிருமியைக் கொல்லும் சல்ஃபா மருந்து கொடுக்கவில்லை, அதனால்தான் போனார் என்று பேச்சு வந்தது. கொடுத்திருந்தாலும் பயனில்லை என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் கெப்ஹார்டுக்கு. அவருடைய மருத்துவமனை முகாமுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆகஸ்டிலிருந்து ஆரோக்கியமான இளம் பெண்களின் காலைக் கிழித்து, கிருமியும் மரச்சிராயும் கண்ணாடித் துகளும் வைத்துத் தைத்தார்கள். எலும்பை உடைத்துப் பார்த்தார்கள், நரம்பை வெட்டி எடுத்தார்கள். 74 பேர் போலந்துப் பெண்கள். பெரும்பாலும் லுப்ளின் கூட்டத்தினர். முகாமில் அவர்களுக்கு ‘முயல்கள்’ என்று பெயர் விழுந்தது. அறுத்துப் பார்க்க வைத்திருக்கும் சோதனை முயல்கள்.

அந்த முயல்களில் கிறிஸ்டினா சிஷ், வாண்டா வோய்தாசிக், யானினா இவான்ஸ்கா, அவர் சகோதரி கிறிஸ்டினா ஆகிய நால்வரும் லுப்ளின் பெண்கள், சாரணியர். இது வெளியே தெரியாமல் செத்துவிடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். கைதிகள் வீட்டுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதலாம். ஜெர்மன் மொழியில், அச்சடித்த தாளில், தணிக்கை உண்டு. ரகசியம் எழுத மை எங்கே கிடைக்கும்? சிறுநீர் இருந்தது. காய்ந்தால் தடம் தெரியாது. சூடு காட்டினால் பழுப்பாக எழுத்து எழும்பும்.

சரி, சூடு காட்ட வேண்டும் என்பதை வீட்டுக்கு எப்படிச் சொல்வது? கிறிஸ்டினா சிஷ் தன் சகோதரனும் தானும் விரும்பிப் படித்த ஒரு சிறுவர் துப்பறியும் நாவலைப் பற்றிக் கடிதத்தில் புகழ்ந்து எழுதினார். அந்தக் கதையின் நாயகன் ஒரு கடிதத்தின் வரிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்து ரகசியத்தைக் கண்டுபிடிப்பான். தணிக்கையாளருக்கு அது ஒரு பெண் புத்தகத்தைப் பற்றிப் பிதற்றுவதாகத் தெரிந்திருக்கும். வீட்டில் புரிந்துகொண்டார்கள். அக்கடிதத்தின் வரித்தொடக்கங்களைச் சேர்த்தபோது ‘சிறுநீரால் கடிதம்’ என்று வந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் தாள்மேல் ஓட்டினார்கள். ஜெர்மன் வரிகளுக்கு நடுவே போலிஷ் வரிகள் எழும்பின.

இது 1943-இன் தொடக்கம். அதன்பின் அறுக்கப்பட்டவர்கள் பெயர், எந்தக் கால், என்ன சோதனை, யாரைச் சுட்டார்கள் என்று விவரம் விவரமாகப் போனது. கடிதங்கள் லுப்ளினிலிருந்து எதிர்ப்பு இயக்கத்தின் கைக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் சென்றன. பின்னர் வானொலியில் அந்தக் குற்றமும் மருத்துவர்களின் பெயரும் ஒலித்தன. உயிரோடிருக்கும் சாட்சிகளை என்ன செய்வது என்ற கவலை முகாம் அதிகாரிகளுக்கு வந்தது.

பெண்கள் பயந்து ஒடுங்கிவிடவில்லை. 1943 மார்ச்சில் நடக்க முடிந்தவர்களும் கவைக்கோலோடு நொண்டியவர்களும் சேர்ந்து முகாம் நிர்வாகத்தின்முன் போய் நின்றார்கள். அரசியல் கைதிகளைச் சம்மதமின்றி அறுப்பது சட்டமா என்று எழுத்திலேயே கேட்டார்கள். பதில் வரவில்லை. ஆகஸ்டில் சிலரைக் கட்டாயமாக இழுத்துப்போய் நிலவறையில் அறுத்தார்கள். அதோடு சோதனைகள் நின்றன. 1944 இலையுதிர் காலத்தில் இன்னும் துணிச்சலான காரியம். யாரோ உள்ளே கடத்திவந்த ஒரு கேமராவை ரொட்டிக்கு வாங்கி, யோஆன்னா ஷிட்வோவ்ஸ்கா தோழிகளின் கால் தழும்புகளைப் படமெடுத்தார். படச்சுருளைப் பிரெஞ்சு மானிடவியலாளர் ஜெர்மேன் தில்லியோன் உடம்பில் மறைத்து வெளியே கொண்டுவந்தார்.

1945 பிப்ரவரி தொடக்கத்தில் முயல்கள் யாரும் தங்கள் கொட்டடியைவிட்டு வெளியேறக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் எண்ணிக்கைக்கு ஆள் வந்தபோது முயல்கள் காணாமல் போயிருந்தார்கள். கொட்டடிகளுக்கு அடியில், கூரைக்குள், நோயாளிகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தார்கள். செத்துப்போனவர்களின் எண்ணை அணிந்துகொண்டு வேறு பெயரில் நின்றார்கள். அடையாளம் பார்க்கும் நேரத்தில் சோவியத் செம்படையைச் சேர்ந்த கைதிப் பெண்கள் மின்விளக்கையே அணைத்தார்கள். நார்வே, பிரெஞ்சு, ரஷ்யப் பெண்கள் எல்லாரும் அதில் கைகொடுத்தார்கள். அதைச் ‘சுவர்கள்’ மட்டும் செய்ததாகச் சொன்னால் பொய்யாகிவிடும். அவ்வளவு ஆயிரம் பேர் இருந்த முகாமில் ஒருத்திகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. 74 பேரில் 63 பேர் உயிரோடு மீண்டார்கள்.

அதே குளிர்காலம்தான் ‘சுவர்கள்’ அணிக்கு வேலை மிகுந்த காலம். வார்சா எழுச்சி ஒடுக்கப்பட்டபின் அந்நகரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ராவன்ஸ்புரூக் வந்தார்கள். இடம் இல்லை என்று சதுப்பு நிலத்தில் ஒரு பெரிய கூடாரத்தை அடித்து அதற்குள் தள்ளினார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் உண்டு, வெறும் கோடை உடையில் வந்தவர்கள் உண்டு. வார்சா வீடுகளிலிருந்து கொள்ளையடித்த துணியும் பொருளும் ரயில் பெட்டி பெட்டியாக முகாமுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை இறக்கிப் பிரிக்கும் வேலையில் கைதிகளைப் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து திரும்பும்போது மேல் உடைக்குள் இரண்டு ஸ்வெட்டரைச் சுற்றிக்கொள்வது, சாக்ஸுக்குள் மருந்துப் புட்டியைச் சொருகிக்கொள்வது. மாட்டினால் அடி, சில சமயம் உயிர். வார்சாவின் கம்பளி இப்படி வார்சாக்காரர்களின் உடம்புக்கே திரும்பியது.

1945 ஏப்ரலில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பேருந்துகள் வந்து ஆயிரக்கணக்கான பெண்களை ஏற்றிப்போயின. மற்றவர்களை எஸ்.எஸ். நடக்கவைத்து விரட்டியது. 30-ஆம் தேதி செம்படை நுழைந்தபோது முகாமில் இருந்தவர்கள் நடக்க முடியாத நோயாளிகளே. போரின் அதே ஆண்டுகளில் நம் பக்கமும் ஒரு போலிஷ் சாரணியம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சோவியத் நாட்டுக்குள் நாடுகடத்தப்பட்டு மீண்ட போலந்துக் குடும்பங்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கோலாப்பூர் அருகே வலிவடே முகாமில் 1943 முதல் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கேயும் சாரணியர் அணிகள் அதே பத்து விதிகளை ஒப்பித்தன.

முடிவு நியாயமாக இருந்ததா என்று கேட்டால், பாதிதான். நியூரம்பர்க்கில் நடந்த மருத்துவர்கள் வழக்கில் 1946 டிசம்பரில் நான்கு முயல்கள் நீதிமன்றத்தில் நின்று தங்கள் கால்களைக் காட்டினார்கள். கெப்ஹார்டைத் தூக்கிலிட்டார்கள். அங்கே வேலை பார்த்த பெண் மருத்துவர் ஹெர்டா ஓபர்ஹாய்சருக்கு இருபது ஆண்டுத் தண்டனை. 1952-லேயே வெளியே விட்டுவிட்டார்கள். ஜெர்மனியின் வடக்கே ஒரு கிராமத்தில் குடும்ப மருத்துவராகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவரை முகாமிலிருந்து மீண்ட ஒருத்தி அடையாளம் கண்டபின்தான் 1958-இல் உரிமம் பறிபோனது. போலந்திலோ, கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து பழைய சாரணர் இயக்கத்தைக் கலைத்துத் தன் இளைஞர் அமைப்பில் கரைத்தது. பழைய எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தேன் என்று சொல்வதே வம்பு என்ற ஆண்டுகள் அவை.

யூசெஃபா கான்டோர் 1990 வரை வாழ்ந்தார். ‘சுவர்கள்’ அணியினரின் நினைவுக்குறிப்புகளைத் திரட்டிய தொகுப்பு, எண்பதுகளில்தான் போலந்தில் அச்சேறியது. கிறிஸ்டினா சிஷ் வீட்டாரிடம் இருந்த ரகசியக் கடிதங்கள் 2017-இல் லுப்ளினின் ‘கடிகாரத்தின் கீழ்’ அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. போர்க்காலத்தில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் லுப்ளின் தலைமையகம் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது.